பவுண் காசும் பத்தர் பட்டறையும்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் நகைக்கடைகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் செய்து முடித்த சங்கிலியும் அட்டியலும் தொங்குகின்றன. முதலாளி கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்க்கிறவருக்குத் தொடக்கம் முதலே பெரும்பணம் புரண்ட தொழில் இது என்றுதான் தோன்றும். பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் நிலைமை வேறு. அன்றைய பத்தரிடம், அதாவது பொற்கொல்லரிடம், விற்பதற்கு ஒரு குன்றிமணிப் பொன்கூட இருக்காது. பொன்னும் வெள்ளியும் வீட்டுக்காரருடையவை. உமித்தணல் சட்டியும் ஊதுகுழலும் கைப்பழக்கமும் மட்டுமே பத்தருடையவை. அக்கரையிலிருந்து, அதாவது தமிழகக் கரையிலிருந்து, தோணியேறி வந்தவருக்கு இங்கே காணி பூமியும் இல்லை, பெயர் சொல்லிப் பிணை நிற்க உறவும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெயர்ப்பலகை மாட்டிய கடைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஆனது எப்படி? திறமையால் என்பது பாதி விடை. அதே திறமை அக்கரையிலும் இருந்தது. அங்கே அது எல்லாரையும் முதலாளி ஆக்கிவிடவில்லை. மீதி விடையைப் பிரித்தானியர் கொண்டுவந்த நாணயங்களுக்குள் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

தட்டார் யாழ்ப்பாணத்துக்குப் புதியவர்கள் அல்லர். காங்கேசன்துறை வீதியின் தட்டாதெருப் பகுதி அவர்களுடைய பழைய குடியிருப்பு. வண்ணார்பண்ணை நாச்சிமார் கோவில் காமாட்சி அம்பாள் வழிபாடும் விஸ்வகர்ம குலத்தாரோடு நெருங்கிய தொடர்புடையது. அப்படி ஊரில் ஏற்கெனவே இருந்தவர்களோடுதான் புதிதாக வந்தவர்கள் சேர்ந்தார்கள். நாகபட்டினம், வேதாரணியம், அதிராம்பட்டினம், தொண்டி ஆகிய துறைகளிலிருந்து அரிசியும் துணியும் ஏற்றிய தோணிகள் ஊர்காவற்றுறைக்கும் காங்கேசன்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்து, புகையிலையும் பனைமரமும் ஏற்றித் திரும்பின. ஆட்களும் அதே தோணிகளில்தான் போய்வந்தார்கள். வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோவிலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்த வைத்திலிங்கச் செட்டியாரே அக்கரையிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தின் பிள்ளை. செட்டிமார் குடியேறிய இடத்தில் கோவில் எழுந்தது. கோவில் எழுந்த இடத்தில் கொல்லருக்கும் தச்சருக்கும் தட்டாருக்கும் வேலை இருந்தது.

வந்தவருக்கு முதல் இடைஞ்சல் காணி. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்துத் தேசவழமை ஆக்கினார்கள். பிரித்தானியரும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சட்டப்படி ஒருவர் தம் காணியை விற்பதென்றால் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் முன்கொள்வனவு உரிமை உண்டு. காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அன்று அது இருந்தது. அவர்களைத் தாண்டித்தான் பிறத்தியார் வாங்க முடியும். வேலி வேலியாகப் பிரிந்து, ஒவ்வொரு பரப்பிலும் நாலு பேருக்கு உரித்து இருக்கும் ஊரில் அந்நியன் ஒருவனுக்குத் தோட்டக்காணி அகப்படுவது எவ்வளவு கடினம் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் சம்பாதித்தது மண்ணில் போய் முடங்கவில்லை. பொன்னாகவும் கைமாற்றுக் கடனாகவும் நகரத்தில் ஒரு துண்டு நிலமாகவும் நின்றது. வேளாண் குடும்பம் ஒன்றின் செல்வம் காணியில் கட்டுண்டு கிடந்தபோது, பத்தருடைய செல்வம் எந்த நேரமும் கைக்கு வரக்கூடியதாக இருந்தது. பிற்காலத்தில் அவர்களைக் கடைக்காரர்களாக்கிய பலம் இதுதான்.

இரண்டாவது இடைஞ்சல் இதைவிடப் பெரியது: சந்தேகம். "தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்ற பழமொழியைக் கேட்காத தமிழர் இல்லை. இது அநியாயமான பழமொழி. ஆனால் இவ்வளவு காலம் அது நிலைத்ததற்குத் தொழிலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. சங்கிலி ஒன்றைச் செய்யும்போது கம்பியை வளைத்து, வளையத்தை வளையத்துள் கோத்து, ஒவ்வொரு வாயையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பொடி நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகாவிட்டால் நகையே உருகிப் போய்விடும். குறைந்த சூட்டில் உருகுவதற்காகத்தான் பொன்னோடு வெள்ளியும் செம்பும் கூட்டிப் பொடி செய்கிறார்கள். ஆக, பொடியின் மாற்று, அதாவது அதிலுள்ள பொன்னின் தூய்மை அளவு, எப்போதும் நகையின் மாற்றைவிடக் குறைவு. 22 கரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதில் செய்த சங்கிலியில் நூற்றுக்கு ஐந்து பங்கு 18 கரட் பொடி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சங்கிலியை முழுதாக உருக்கினால் வருவது 90.8தான். பத்தர் ஒரு துளியும் எடுக்கவில்லை. ஆனாலும் மாற்றுக் குறைந்துவிட்டது. இன்னொரு பத்தரிடம் கொண்டுபோய் உரைத்துப் பார்க்கும் வீட்டுக்காரி வேறு என்ன நினைப்பாள்?

இதோடு சேதாரம். அரத்தில் போகும் தூள், பொன் உருக்கும் மூசையில் ஒட்டுவது, மெருகு போடும்போது கரைவது எல்லாம் உண்மையான இழப்புகள். தட்டாரின் பட்டறைக் குப்பையையும் சாம்பலையும் விலைக்கு வாங்கி நீரில் அரித்துப் பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்றால் இழப்பு எவ்வளவு என்று ஊகிக்கலாம். ஊரவரான பத்தருக்கு இந்தச் சந்தேகத்தைத் தாங்கத் தலைமுறைப் பழக்கம் இருந்தது. அவருடைய அப்பன் செய்த தோடு அந்த வீட்டில் இன்னும் இருந்தது. வந்தவருக்கு அதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் நாணயம் வருகிறது. ஒல்லாந்தர் காலத்தில் பொன் என்றால் வராகனும் பணம் என்னும் சிறு காசும். அந்த வராகனிலும் நாகபட்டின வராகன், பறங்கிப்பேட்டை வராகன், நட்சத்திர வராகன் என்று வகைவகையாக இருந்தன. எடையும் மாற்றும் ஒன்றுபோல இல்லை. கொடுத்த காசு என்ன மாற்று என்பதே வழக்காகிவிடும்போது, திரும்ப வந்த நகை என்ன மாற்று என்று எப்படித் தீர்ப்பது? பிரித்தானியர் 1817இலிருந்து வார்த்த தங்கப் பவுண் 7.98 கிராம் எடை, 22 கரட். 1855இல் சிட்னி நாணயசாலை திறந்தபின் அவுஸ்திரேலியப் பவுண்களும் நம் கடல்வழியே ஏராளமாக வந்தன. எடையிலும் மாற்றிலும் அவையும் அதே. கிழக்கிந்தியக் கம்பனி 1835இல் ஒழுங்குபடுத்திய வெள்ளி ரூபாயும் அப்படியே: ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. எந்த வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்தாலும், எந்தச் சந்தையில் கைமாறினாலும் மாறாத பொருள். பத்தருடைய ஊரை விசாரிக்க வேண்டிய தேவை குறைந்தது. ஐந்து பவுண் எண்ணிக் கொடுத்தார்கள். ஐந்து பவுண் எடைக் காப்பு திரும்பி வந்ததா என்று தராசில் பார்த்தார்கள். மஞ்சாடியும் குன்றிமணியும் நிறுவையில் இருந்தாலும் பேச்சு முழுவதும் பவுணுக்கு மாறியது. இன்றுவரை நாம் நகையைப் பவுணில்தான் பேசுகிறோம், அந்தக் காசைக் கண்ணால் பாராத தலைமுறைகூட.

அந்நியர் ஒருவரை ஊர் நம்புவதற்கு வேண்டிய அளவுகோலை அந்நிய அரசின் முத்திரை கொடுத்தது என்று சொல்லலாம். ஆட்சியாளர் இதைத் தட்டாருக்காகச் செய்யவில்லை. வரியும் வணிகமும் நடக்கச் செய்தார்கள். தட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொன்னுருக்கை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. கலியாணத்துக்கு முன் நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில் கும்பம் வைத்து, விளக்கேற்றி, பிள்ளையாரைப் பிடித்து வைக்கிறார்கள். தாலிக்கான பொன்னை வெற்றிலைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுகிறார்கள். பத்தர் அதை எல்லார் கண்ணெதிரிலும் மூசையில் இட்டு, வெண்காரத் தூளைத் தூவி, ஊதத் தொடங்குகிறார். கரி சிவந்து, பொன் விளிம்பிலிருந்து தளர்ந்து, சட்டென்று ஒரு குண்டுமணியாகத் திரள்கிறது. ஆறியதும் அந்த உருக்கிய பொன் மறுபடி தட்டில் ஏறிச் சபையைச் சுற்றுகிறது. அரிசி, தேங்காய், காய்கறி, வேட்டி என்று தட்சணை வாங்கிக்கொண்டு பத்தர் பொன்னோடு பட்டறைக்குப் போகிறார். மங்கலச் சடங்கு என்ற அளவில் அதன் பெருமை குறையவே குறையாது. ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பரிசோதனையும் இருக்கிறது: என்ன பொன் போனது, எவ்வளவு போனது என்பதற்கு ஊரே சாட்சி. முன்னாளில் வேறு நகைகளுக்கும் பத்தரை வீட்டுக்கு அழைத்து, விறாந்தையில் இருத்தி, பார்த்திருக்கச் செய்விப்பது தமிழர் வழக்கம். பட்டறை தனியே போன பிறகும் தாலி ஒன்றுக்கு மட்டும் அந்த முறை மங்கலமாக எஞ்சி நிற்கிறது. அந்தச் சபையில் ஒரு பத்தரை ஒரு குடும்பம் அழைத்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் பஞ்சாயுதமும் தோடும் காப்பும் பிறகு அவரிடம்தான் போகும். "பத்தர், பேத்திக்குக் காது குத்த நாள் வைச்சிட்டம், தோடு எப்ப தருவியள்?" என்று கேட்கும் உரிமை அந்த வீட்டுக்கும், "அதுக்கென்ன அம்மா, வெள்ளிக்கிழமை வாங்கோ" என்று சொல்லும் உரிமை பத்தருக்கும் வந்துவிடும். விளம்பரம் இல்லாத காலத்தில் குடும்பத் தொழில் பரவிய வழி இது.

அந்தப் பவுண் யாழ்ப்பாணத்துக்கு எங்கிருந்து வந்தது? முதலில் புகையிலை. தீவகத்திலும் வலிகாமத்திலும் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க் காசாகத் திரும்பியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் மலாயா. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் அங்கே புகையிரதத்திலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணமும், பின்னாளில் கொண்டுவந்த ஓய்வூதியமும் வீடாகவும் சீதனமாகவும் மாறின. சீதனத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதி நகை. தாலிக்கொடி ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில் பவுண் ஏறியது. கொடியில் தாலிக்கு இருபுறமும் பவுண் காசுகளையே கோத்துவிடுவதும் வழக்கமானது. கிறிஸ்தவக் குடும்பங்களும் தாலியை விடவில்லை. சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை அதே பத்தர்தான் செய்து கொடுத்தார்.

வெள்ளியின் கதை தனி. குழந்தையின் அரைஞாண், பெண்பிள்ளையின் அரைமூடி, தண்டை, சலங்கை, மெட்டி, குங்குமச்சிமிழ், சந்தனக் கும்பா, பன்னீர்ச்செம்பு என்று தங்கம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் வெள்ளி எட்டியது. வந்து இறங்கிய புதிதில் பெரும்பாலும் வெள்ளிவேலைதான் கிடைக்கும். பொன்னை ஒப்படைக்கத் தயங்கும் வீடு பத்து ரூபாயை ஒப்படைத்துப் பார்க்கும். ரூபாயை உருக்கித் தகடாக்குவதில் ஒரு பொறுமை வேண்டும். நாலு அடி அடித்ததும் வெள்ளி விறைத்துக்கொள்ளும். மறுபடி காய்ச்சி இளக்க வேண்டும். காய்ச்சும்தோறும் அதிலுள்ள செம்பு மேலே வந்து கருக்கும். புளித்தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைத்தால் அந்தக் கருமை கரைந்து, சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கிய வெண்மை தெரியும். அதைத் தேய்த்தால் ஒளி. இப்படிக் காய்ச்சி அடித்து, காய்ச்சி அடித்து, அரக்குப் படுக்கையில் கவிழ்த்துப் பின்புறமிருந்து புடைத்து எடுத்த தகடுதான் கோவில் வாகனத்தின் மரத்துக்கு மேல் ஏறுகிறது. ஆறுமுக நாவலரின் காலத்தையொட்டி எழுந்த சைவ மறுமலர்ச்சியில் கோவில்கள் புதுப்பொலிவு பெற்றபோது, கவசங்களுக்கும் வாகனங்களுக்கும் தந்த வேலை தட்டாரின் பட்டறைகளுக்குப் பெரிய ஆதாரம். கோவில் வேலை கூலியை மட்டும் தரவில்லை. திருவிழாவில் வெளிவரும் வாகனம் செய்தவரின் பெயரை ஊரெல்லாம் சொல்லியது.

வெள்ளிக்கு 1893இல் ஒரு திருப்பம் வந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை 1870களிலிருந்தே சரிந்துகொண்டிருந்தது. அதுவரை யாரும் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். ஆகவே ரூபாயின் பெறுமதி அதிலிருந்த வெள்ளியின் பெறுமதியாகவே இருந்தது. 1893இல் இந்திய அரசு தன் நாணயசாலைகளை அப்படிப் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதை நிறுத்தியது. இலங்கையில் புழங்கியதும் அதே ரூபாய். அதன்பின் ரூபாய் தன் வெள்ளியைவிட அதிகப் பெறுமதி உள்ள அடையாளக் காசு ஆனது. பதினைந்து ரூபாய் ஒரு பவுண் என்று நிலைத்தது. 1900 அளவில் ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி அதன் முகமதிப்பில் மூன்றில் இரண்டு பங்கே பெறும். வாடிக்கையாளர் கொண்டுவரும் காசை உருக்கினால் மூன்றில் ஒரு பங்கு புகையாகப் போவதுபோல. இனி வெள்ளிக்கட்டியை முன்பணம் போட்டு வாங்கி வைத்திருப்பவரே வெள்ளிவேலை செய்ய முடியும். கைமட்டும் வைத்திருந்தவர் பின்தங்கினார். சிறிது சேர்த்து வைத்திருந்தவர் முன்னே போனார். பட்டறைக்கும் கடைக்கும் இடையே கோடு விழத் தொடங்கியது இங்கேதான் என்று நான் கருதுகிறேன். வெள்ளியின் வீழ்ச்சி, பொன் கடைகளின் பிறப்புக்கு ஒத்திகையாக அமைந்தது.

பொன்னில் அதே மாற்றம் முதல் உலகப் போரோடு வந்தது. 1914க்குப் பின் பவுண் காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. கையில் காசு இல்லாத வாடிக்கையாளர் இனி பொன்னையும் பத்தரிடமே கேட்டார். செய்து வைத்த நகையைக் காட்டி விற்கும் முறைக்கு முதல் வேண்டும், கடை முகப்பு வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். 1905இல் கொழும்புக்கு நேரடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பொன்கட்டி வாங்கிவர ஒரு நாள் போதும். ஒரு தலைமுறை முன்பு தோணிக்குக் காத்திருந்த குடும்பங்கள் இப்போது டிக்கட் எடுத்துப் போய்வந்தன.

அதே காலத்தில் வேறு இடங்களில் வேறு வகையாகவும் இது நடந்தது. காலியைச் சேர்ந்த பாலகே பொரோலிஸ் டி சில்வா 1872இல் சிங்கப்பூரில் நகைக்கடை தொடங்கினார்; அந்தப் பெயரில் நிறுவனம் தலைமுறைகளாக நடந்தது. சென்னையில் ஸ்கொட்லாந்துக்காரர்களின் பி. ஓர் அன்ட் சன்ஸ், சாமி உருவங்கள் புடைத்த வெள்ளிப் பாத்திரங்களை ஐரோப்பியருக்கு விற்றுப் பெயர் எடுத்தது. புடைத்தவை உள்ளூர்த் தட்டாரின் கைகள். அவர்களுடைய வாடிக்கையாளர் துரைமாரும் பயணிகளும் சுல்தான்களும். யாழ்ப்பாணத்தின் வாடிக்கையாளர் அயலூர்த் தாயும் மாமியும். அதனால்தான் இங்கே கடை பெரிதாகவில்லை, ஆனால் ஆழமாக வேர்விட்டது. அந்நியருக்கு விற்ற கடைகளுக்கு அந்நியர் போய்விடுவார்களோ என்ற பயம் உண்டு. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் செய்த கடைக்கு அந்தப் பயம் இல்லை.

குடும்பத்தின் உள்ளமைப்பையும் சொல்ல வேண்டும். பட்டறையில் பையன் முதலில் துருத்தி ஊதுவான், கரி பார்ப்பான், கம்பி இழுப்பான். கல் பதிப்பதும் மாற்று உரைத்துச் சொல்வதும் கடைசியில்தான் கைவரும். பொடியின் கூட்டும் மெருகின் பக்குவமும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாதவை. மகன் போதாதபோது அக்கரையிலிருந்து அக்காளின் மகன் வருவான். சில ஆண்டு வேலை பழகுவான். பிறகு மருமகன் ஆவான். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீடு சீதனமாகப் போவதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதும் வழக்கமாக இருந்ததால் இந்த ஏற்பாடு வெகு இலகுவாகப் பொருந்தியது. தேசவழமைப்படி மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆகவே பட்டறையில் சேர்ந்தது பத்தருடையது மட்டுமல்ல, வீட்டுக்காரியுடையதும். ஆனால் தேசவழமையின் இந்தக் குடும்பச் சொத்து விதி யாழ்ப்பாணத்தை வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறவர், அக்கரையில் இன்னும் காணி வைத்திருப்பவர், யாழ்ப்பாணத்தவரா இல்லையா? சொத்துத் தகராறு எழுந்த குடும்பங்களுக்கு இது நீதிமன்றக் கேள்வி. ஒரு மனிதர் எப்போது ஊரவர் ஆகிறார் என்பதற்குச் சட்டம் பதில் தேடிய இடங்களில் இதுவும் ஒன்று.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது போக்குவரத்து இன்னும் எளிதாகியிருந்தது. 34 ஆண்டுகள் கழித்து, யார் ஊரவர் என்ற கேள்விக்கான பதிலை அரசு தன் கையில் எடுத்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் பாக்கு நீரிணையை எல்லைக்கோடாக்கின. உறுதி எழுதிய கடையும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆவணமும் வைத்திருந்தவர்கள் தங்கினார்கள். கைவேலையோடு போய்வந்துகொண்டிருந்தவர்களுக்கு இனி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குத் தவணை உண்டு, தவணை முடிந்தால் போக வேண்டும். அக்காளின் மகனை வரவழைத்துப் பட்டறையில் இருத்தும் வழி அதோடு அடைபட்டது.